நெடுஞ்சாலையில் நான்கு பெயர்கள்

கடமையின்போது உயிர் துறந்த காவலர், படைவீரர், தீயணைப்பாளர் ஆகியோரின் பெயரைச் சாலைக்குச் சூட்டி அவர்தம் நினைவைப் போற்றும் வழக்கம் இன்று பல நாடுகளில் காணப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இவ்வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் விரைந்து செல்வோர் ஆங்காங்கே ஒரு பலகையைக் காண்பர். அதில் ஒருவருடைய பெயரும் பதவியும் பொறிக்கப்பட்டிருக்கும். நினைவு நெடுஞ்சாலை என்னும் சொற்கள் உடன் இருக்கும். வண்டி விரையும் வேகத்தில் ஒரு நொடிக்குள் பலகை பின்னே போய்விடும். அந்த ஒரு நொடிக்காக இத்துணை முயற்சி தேவைதானா என வினவுவோர் உளர். தேவைதான் என்பது நம் கருத்து. ஆயினும், அப்பலகை எப்போது மதிப்புடையதாகின்றது, எப்போது வெறுந்தகரமாய் நின்றுவிடுகின்றது என்பதை ஆராய்ந்த பின்னரே அக்கருத்தை உறுதிபடக் கூறுதல் முறையாகும். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கம்.

கல் நின்ற வழிகள்

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வழக்கம் முற்றிலும் புதியதன்று. போரிலும் ஆநிரை மீட்பிலும் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்ட மரபைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் பேசுகின்றது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நீராட்டி, நட்டு, வாழ்த்துவது ஈறாக அதற்குரிய படிநிலைகளை அது வகுத்துரைக்கின்றது. அகநானூறும் புறநானூறும் வழிப்போக்கர் நடக்கும் பாதைகளின் ஓரத்தே இக்கற்கள் நின்றதைக் காட்டுகின்றன. ஊர் மன்றத்தின் நடுவில் மட்டுமன்றி, முன்பின் அறியாதவரும் கடந்து செல்லும் வழியோரத்திலும் வீரனின் பெயர் நின்றது என்பது எண்ணத்தக்கது. சுற்றத்தார் அவனை மறவார். அயலாரும் அவனை அறிய வேண்டும் என்பதற்காகவே வழி தேர்ந்தெடுக்கப்பட்டது போலும்.

2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. இதுவரை கிடைத்துள்ள நடுகற்களுள் மிகத் தொன்மையானவற்றுள் வைத்து அவை எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றில் உள்ளவை சில சொற்களே. ஆயினும் அச்சில சொற்களில் வீழ்ந்தவன் பெயர் இருக்கின்றது. கூடலூர் என்னும் ஊர் இருக்கின்றது. ஆகோள் என்னும் நிகழ்ச்சி இருக்கின்றது. பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்களும் இவ்வாறே அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் எந்நிகழ்ச்சியில் பட்டான் என்பவற்றைத் தருகின்றன.

ஆகவே நம் முன்னோர் ஒரு நினைவுச் சின்னத்தில் மூன்றனை வேண்டினர் எனலாம்: பெயர், இடம், நிகழ்ச்சி. இன்றைய நெடுஞ்சாலைப் பலகையில் பெயர் இருக்கின்றது. பலகை நிற்கும் இடமே இடத்தைச் சொல்லிவிடுகின்றது. நிகழ்ச்சி மட்டும் இல்லை. விரையும் வண்டியிலிருந்து படிக்கத்தக்க பலகையில் அதனை எழுதுதல் இயலாது. பலகை சொல்லாமல் விட்ட அந்நிகழ்ச்சியை யார் சுமப்பது? சமுதாயமே சுமக்க வேண்டும். சுமந்தால் பெயர் வாழும். சுமக்கத் தவறினால் பலகை இருந்தும் பெயர் இறந்துபடும். இதனை ஓர் உண்மை நிகழ்ச்சியின் துணைகொண்டு விளக்குவோம்.

நான்கரை நிமிடங்கள்

மெக்சிகோ எல்லையில் தொடங்கிக் கனடா எல்லைவரை கலிபோர்னியா, ஒரிகன், வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்களின் ஊடே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் நீளும் பெருஞ்சாலை ஒன்றுண்டு. மாநிலங்களிடை நெடுஞ்சாலை 5 என்பது அதன் பெயர். லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு வடக்கே, நியூஹால் என்னும் ஊருக்கு அண்மையில் அச்சாலையின் ஒரு பகுதி நான்கு காவலர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஜேம்ஸ் பென்ஸ், ரோஜர் கோர், வால்டர் ஃபிராகோ, ஜார்ஜ் அலின் என்போரே அந்நால்வர். அனைவரும் கலிபோர்னிய நெடுஞ்சாலைக் காவற்படையைச் சேர்ந்தவர்கள். இருவருக்கு வயது 23, இருவருக்கு 24. படையில் சேர்ந்து இரண்டாண்டும் நிறையாதவர்கள். நால்வரும் மணமானவர்கள்.

1970ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளை. ஒரு வண்டியில் சென்றவன் மற்றொரு வண்டியில் வந்தவரைத் துப்பாக்கி காட்டி மிரட்டினான் என்னும் செய்தி காவலர்க்கு எட்டியது. கோரும் ஃபிராகோவும் அவ்வண்டியைத் தொடர்ந்து சென்று, உணவு விடுதியை ஒட்டிய பெட்ரோல் நிலையம் ஒன்றின் அருகில் நிறுத்தினர். வண்டியில் இருந்த இருவரும் கொடிய குற்றங்கள் புரிந்து சிறை மீண்டவர்கள் என்பதைக் காவலர் அறியார். அருகே சென்ற ஃபிராகோ சுடப்பட்டார். அடுத்த நொடிகளில் கோரும் வீழ்ந்தார். துணைக்கு வந்து சேர்ந்த பென்ஸும் அலினும் வண்டியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகத் துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளாயினர். அவ்வழியே சென்ற பொதுமகன் ஒருவர் தம் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, குண்டடிபட்டுக் கிடந்த அலினைப் பாதுகாப்பான இடத்திற்கு இழுத்துச் செல்ல முயன்றார். இயலாமற்போகவே, கீழே கிடந்த காவலரின் துப்பாக்கியை எடுத்துக் குற்றவாளியை நோக்கிச் சுட்டார். அவருடைய துணிவும் அந்நால்வரைக் காக்க இயலவில்லை. ஏறத்தாழ நான்கரை நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு மனைவியர் கணவரை இழந்தனர். ஏழு குழந்தைகள் தந்தையை இழந்தனர்.

கொலைஞர் இருவருள் ஒருவன் காவலரால் சூழப்பட்ட நிலையில் தன்னைத் தானே மாய்த்துக்கொண்டான். மற்றவன் பிடிபட்டுத் தண்டனை பெற்று 2009ஆம் ஆண்டில் சிறையிலேயே இறந்தான். அவர்தம் பெயர்களை இங்கு எழுத வேண்டிய தேவை இல்லை. எப்பெயரை நினைப்பது, எப்பெயரை விடுப்பது என்று தேர்வதும் நினைவுச் சின்னத்தின் பணிகளுள் ஒன்றாகும்.

பலகைக்கு முன் வந்த திருத்தம்

அச்சாலைப் பகுதிக்கு நால்வரின் பெயர் சூட்டப்பட்டது 2008ஆம் ஆண்டில். அதாவது நிகழ்ச்சி நடந்து 38 ஆண்டுகள் கழிந்த பின்னர். இக்காலத் தாழ்வைக் கண்டு அமெரிக்கர் நன்றி மறந்தவர் என்று முடிவுகட்டிவிடலாகாது. பலகை தாமதமாக வந்தது. திருத்தம் தாமதமாக வரவில்லை. நமது கருத்துக்கு உயிர்நாடி இதுவே.

நால்வர் வீழ்ந்ததும் காவற்படை தன்னையே கேள்விக்கு உட்படுத்திக்கொண்டது. ஐயத்திற்குரிய வண்டியை எவ்வாறு நிறுத்த வேண்டும்? துணை வரும்வரை எங்கே நின்று காத்திருக்க வேண்டும்? வண்டியில் இருப்போரை எம்முறையில் வெளியே வரச் செய்ய வேண்டும்? பயிற்சிக் களத்தில் மேற்கொள்ளும் துப்பாக்கிப் பயிற்சி உண்மையான ஆபத்தை ஒத்திருக்கின்றதா? இவ்வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் புதிய விடை காணப்பட்டது. பென்ஸ் தம் கைத்துப்பாக்கியில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டிருந்த வேளையில் கொலைஞன் நெருங்கி வந்து சுட்டான் என்பது தெரியவந்தது. அதன் பயனாக, தோட்டாக்களை ஒருங்கே நிரப்ப உதவும் கருவி காவலர்க்கு வழங்கப்படலாயிற்று. நியூஹால் என்னும் ஊர்ப்பெயர் அமெரிக்கக் காவற்பயிற்சிக் கூடங்களில் ஒரு பாடத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அப்பாடத்தைக் கற்றவருள் எத்தனை பேர் அதனால் உயிர் தப்பினர் என்பதை எண்ணிச் சொல்ல இயலாது. தப்பியவர்க்குத் தாம் தப்பியதே தெரியாது. இறந்தவர்கள் இருப்பவர்களுக்கு விட்டுச்செல்லும் இத்தகைய கொடை கணக்கில் ஏறாத கொடை.

இங்கே மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. பென்ஸ் பயிற்சிக் களத்துப் பழக்கத்தால், சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கித் தம் சட்டைப் பையில் இட்டுக்கொண்டார் என்றும், அதனாலேயே காலம் இழந்தார் என்றும் ஒரு கதை பல்லாண்டுகள் பாடமாகச் சொல்லப்பட்டு வந்தது. கதை நல்ல நோக்கத்துடன் சொல்லப்பட்டதுதான். ஆனால் அது உண்மையன்று எனப் பிற்கால ஆய்வு காட்டிற்று. கூடுகள் அவர் வீழ்ந்த தரையிலேயே கிடந்தன. தம் இறுதி நொடிவரை போராடிய இளைஞர், நீதிக்கதை ஒன்றின் பொருட்டுப் பேதையாகச் சித்திரிக்கப்பட்டுவிட்டார். நிகழ்ச்சியைச் சுமக்க வேண்டும் என்று மேலே கூறினோம். அதனைத் திரிக்காமல் சுமக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இறந்தவர் எழுந்துவந்து மறுப்புரைக்க இயலாதவர். ஆதலின் அவரைப் பற்றிப் பேசுவோர்க்குப் பொறுப்பு இருமடங்கு.

சட்டமாய் நிற்கும் பெயர்

நிகழ்ச்சியைச் சுமப்பதற்குப் பயிற்சிக் கூடம் ஒரு வழி. சட்டம் பிறிதொரு வழி. இல்லினாய் மாநிலத்துச் சிகாகோ நகரத் தீயணைப்புப் படையில் லெப்டினன்ட் பதவியில் இருந்தவர் ஸ்காட் கில்லன். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரத்து விரைவுச் சாலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் உதவிசெய்யச் சென்றபோது, குடிபோதையில் வண்டி ஓட்டி வந்தவனால் மோதப்பட்டு உயிரிழந்தார். அவர் நினைவாக அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. சாலையோரத்தில் விளக்கு ஒளிர நிற்கும் காவல் வண்டியையோ, மருத்துவ ஊர்தியையோ, தீயணைப்பு வண்டியையோ கண்டால் ஓட்டுநர் விரைவைக் குறைக்க வேண்டும். இயலுமாயின் அடுத்த தடத்திற்கு விலகிச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் அதனை ஸ்காட் சட்டம் என்றே வழங்குகின்றனர். இத்தகைய சட்டம் இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் உள்ளது.

இச்சட்டத்தை மதித்து ஒருவர் தம் வண்டியை அடுத்த தடத்திற்குத் திருப்பும்போதெல்லாம், கில்லனுக்கு மறுக்கப்பட்ட பாதுகாப்பு மற்றொருவருக்குக் கிடைக்கின்றது. பலகையைக் கண்டு தலைவணங்குவது ஓர் அஞ்சலி என்றால், வண்டியை விலக்கி ஓட்டுவது அதனினும் சிறந்த அஞ்சலியாகும்.

தடைகளும் விடைகளும்

இனிச் சாலைக்குப் பெயர் சூட்டுதலை ஏற்காதோர் கூறும் தடைகளைப் பார்ப்போம். நேர்மையான தடைகளுக்கு நேர்மையான விடை கூறுதல் நம் கடன்.

மக்கள் பணம் வீணாகின்றது என்பது முதல் தடை. கலிபோர்னியாவில் இதற்கு நல்லதொரு முறை வகுக்கப்பட்டுள்ளது. பெயர் சூட்டும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்ற வேண்டும். ஆனால் பலகைக்கு ஆகும் செலவை மாநில அரசு ஏற்பதில்லை. விரும்புவோர் நன்கொடை திரட்டித் தர வேண்டும். பணம் வந்த பின்னரே போக்குவரத்துத் துறை பலகையை நிறுத்தும். மேலும், சாலையின் எண் மாறுவதில்லை. ஆகவே வரைபடமோ முகவரியோ குழப்பமுறுவதில்லை. நினைவு விரும்புவோர் அதற்காகச் சிறிதேனும் கைப்பொருள் ஈந்தும் காலம் செலவிட்டும் உழைக்க வேண்டும் என்னும் இம்முறை பாராட்டத்தக்கது. எளிதில் கிடைக்கும் பெருமை எளிதில் மறக்கப்படும்.

பெயர்கள் பெருகிப் பெருகி ஒன்றும் நினைவில் நில்லாமற் போகும் என்பது இரண்டாம் தடை. இதில் உண்மை உண்டு. ஆயினும் பெருகியது பெயர்களின் குற்றமன்று. வீழ்ந்தவர் பெருகினர் என்பதே அதன் பொருள். பலகைகள் மிகுதியாக இருக்கும் சாலை, அங்கே காப்போர்க்குப் பாதுகாப்பு இல்லை என்று முறையிடும் சாலையாகும். அம்முறையீட்டைக் கேளாமல் பலகைகளைக் குறைப்பது, நோயாளியைப் பாராமல் மருந்துச் சீட்டைக் கிழிப்பதை ஒக்கும்.

பெயர் சூட்டுதல் மக்களைப் பிரிக்கும் என்பது மூன்றாம் தடை. இது மற்ற இரண்டினும் வலியது. நம் நாட்டார்க்கு நன்கு தெரிந்ததும் ஆகும். தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள், வீரர்கள் பெயர்கள் இருந்தன. 1997ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்தை ஒட்டி எழுந்த புதிய போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியதைத் தொடர்ந்து சாதிக் கலவரம் மூண்டது. முடிவில் அரசு அனைத்து மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அப்பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டது. பெயருக்குரிய பெரியோர் எவரும் செய்யாத குற்றத்திற்காக அவர்தம் பெயர்கள் இறக்கப்பட்டன. ஒருவருடைய வீரம் ஊருக்கெல்லாம் பொது என்னும் எண்ணம் நீங்கி, அவர் எம்மவர் என்னும் எண்ணமும், அவர் எம்மவரல்லர் என்னும் எண்ணமும் தலையெடுத்ததன் விளைவு இது. கடமையில் வீழ்ந்தவர், தாம் எவரைக் காத்தாரோ அவர் அனைவர்க்கும் உரியவர். ஆபத்தில் உதவிக்கு ஓடியவர் உதவி கேட்டவரின் குலம் கேட்டு ஓடவில்லை. அவருடைய பெயரை மட்டும் நாம் குலம் கேட்டு வைப்பது எவ்வகையில் அறமாகும்?

மக்கள் முன்னே, பலகை பின்னே

பெயர் சூட்டும் உரிமை முதலில் யாருக்கு உரியது என்னும் வினாவுக்குக் கனடா நாட்டில் அழகிய விடை ஒன்று கிடைத்துள்ளது. ஒண்டாரியோ மாநிலம் பணியின்போது உயிர்நீத்த காவலரின் பெயரை நெடுஞ்சாலைப் பாலங்களுக்கும் அவை போன்ற கட்டுமானங்களுக்கும் சூட்டுவதற்கென்றே 2002ஆம் ஆண்டில் தனிச் சட்டம் கண்டது. அதே மாநிலத்தில் மக்கள் தாமாகவே தொடங்கிய வழக்கமும் உண்டு. ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த கனடிய வீரர்களின் உடல்கள் டிரெண்டன் என்னும் ஊரிலுள்ள விமானப் படைத் தளத்திற்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து 401ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக டொராண்டோ நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டன. அவ்வூர்வலம் செல்லும்போதெல்லாம் சாலைக்கு மேலே குறுக்கிடும் பாலங்களில் மக்கள் கூடி நின்றனர். கொட்டும் பனியிலும் நின்றனர். எவரும் அவர்களை அழைக்கவில்லை. எவரும் தலைமை தாங்கவில்லை. ஆண்டுகள் சில இவ்வாறு கழிந்த பின், 2007ஆம் ஆண்டில் ஏறத்தாழ 172 கிலோமீட்டர் நீளமுடைய அச்சாலைப் பகுதி வீரர்களின் நெடுஞ்சாலை என அரசால் அறிவிக்கப்பட்டது.

மக்கள் முதலில் நின்றனர். பலகை பிறகு வந்து அவர்களோடு நின்றது. இம்முறை தலைகீழாகும் இடங்களில்தான் பெயர் சூட்டுவிழா மேடைப் பேச்சோடு முடிந்துவிடுகின்றது.

கறை துடைத்த பலகை

மற்றொரு பெயர்ப் பலகையைப் பற்றியும் கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது. இது நெடுஞ்சாலையில் உள்ளதன்று. நியூயார்க் நகரில் குவீன்ஸ் பகுதியைச் சார்ந்த பேசைடு என்னுமிடத்தில், குடியிருப்புகள் சூழ்ந்த தெருமுனையில் உள்ளது. முகம்மது சல்மான் ஹம்தானி என்னும் இளைஞரின் பெயரை அது தாங்கியுள்ளது.

கராச்சியில் 1977ஆம் ஆண்டில் பிறந்து, கைக்குழந்தையாகவே அமெரிக்கா சென்று, அந்நாட்டுக் குடிமகனாக வளர்ந்தவர் ஹம்தானி. ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றியவர். அவசர மருத்துவ உதவியில் பயிற்சி பெற்றவர். நியூயார்க் காவல்துறையின் பயிற்சி இளைஞர் அணியில் இருந்தவர். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் காலையில் வழக்கம்போல் வேலைக்குப் புறப்பட்டார். உலக வணிக மையத்தின் கோபுரங்கள் எரிவதைக் கண்டு, உதவிசெய்யும் பொருட்டு அங்கே சென்றார் என நம்பப்படுகின்றது. வீடு திரும்பவில்லை. அவருக்கு வயது 23.

மகனைத் தேடி அலைந்த பெற்றோரை நாடி ஆறுதல் வருமுன் ஐயம் வந்தது. அவர் பெயரும் சமயமும் அவர்மீது சந்தேகத்தை எழுப்பப் போதுமானவையாயின. அவர் மறைந்து வாழ்கின்றாரோ என்னும் பொருள்பட நாளேடு எழுதிற்று. அரசின் காவலிலாவது எங்கேனும் உயிரோடு இருக்கமாட்டானா எனப் பெற்றோர் ஏங்கினர் என்றால், அவர்தம் துயரின் அளவை என்னென்பது! அதே அக்டோபர் மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு அவரை வீரச்செயல் புரிந்தவராகப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டது. ஐயமும் பாராட்டும் ஒரே இளைஞரின்மேல் ஒரே காலத்தில் விழுந்தன. 2002ஆம் ஆண்டில், இடிபாடுகளிடையே கிடைத்த உடற்பகுதிகள் அவருடையவை என அறியப்பட்டன. அவருடைய இறுதிச் சடங்கில் நகரத் தந்தையும் காவல்துறை ஆணையரும் கலந்துகொண்டனர். நாட்டுக் கொடி போர்த்திய பேழையில் அவர் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆயினும், பின்னர் எழுந்த செப்டம்பர் 11 நினைவிடத்தில், மீட்புப் பணிக்கு முதலில் விரைந்து உயிர்நீத்தோரின் வரிசையில் அவர் பெயர் இடம்பெறவில்லை, வேறிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வரிசையில் சேர்க்க வேண்டும் என்று அவருடைய தாயார் தொடர்ந்து முறையிட்டு வந்துள்ளார். இந்நிலையில் 2014ஆம் ஆண்டு ஏப்ரலில், அவர் வளர்ந்த பகுதியைச் சார்ந்த தெருவுக்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது. பழைய பெயர் நீங்கவில்லை. அதனோடு சல்மான் ஹம்தானி வழி என்னும் பெயரும் சேர்ந்து நிற்கின்றது.

பதவி வரையறையை ஆய்வோர் அவர் முழுநிலைக் காவலரா, பயிற்சியில் இருந்தவரா என வினவலாம். அலுவலகப் பதிவேட்டுக்கு அவ்வினா இன்றியமையாததாகவும் இருக்கலாம். ஆனால் எரியும் கட்டடத்தை நோக்கி நடந்த கால்கள் ஊதியப் பட்டியலைப் பார்த்து நடக்கவில்லை. நியூஹாலில் ஓடிவந்த பொதுமகனுக்கும் எப்பதவியும் இருந்ததில்லை. இவ்விடத்தில் தெருப்பலகை ஒன்று ஆற்றிய பணி நுட்பமானது. பிற பலகைகள் புகழைச் சேர்த்தன. இப்பலகை ஒரு குடும்பத்தின்மீது வீசப்பட்ட கறையைத் துடைத்தது. அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுவன் ஒருவன் தன் பெயரை ஒத்த பெயரொன்று ஊரார் மதிக்கும் பெயராய் உயர்ந்து நிற்பதைக் காண்கின்றான். அவனைக் கடந்து செல்லும் அயலாரும் அதனைக் காண்கின்றனர். அச்சத்திற்கு உரியதாகக் காட்டப்பட்ட பெயர் நன்றிக்கு உரியதாக மாறுவதற்கு இதனினும் எளிய வழி உண்டோ?

பெயர் சூட்டுமுன் கேட்க வேண்டியவை

இதுகாறும் கண்டவற்றால், ஒரு சாலைக்கோ பாலத்திற்கோ வீழ்ந்தவர் ஒருவரின் பெயரைச் சூட்ட முனைவோர் தம்முள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு என்பது புலனாகும்.

முதலாவது, அவர் எவ்வாறு வீழ்ந்தார் என்னும் உண்மை ஒளிவு மறைவின்றி எழுதப்பட்டுள்ளதா? பலகையில் இடமில்லையெனில் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, நூலகத்திலோ, பள்ளியிலோ அது கிடைக்க வேண்டும். இரண்டாவது, அவருடைய இறப்புக்குக் காரணமான குறை நீக்கப்பட்டதா? பயிற்சிக் குறையாயின் பயிற்சியும், சாலைக் குறையாயின் சாலையும், சட்டக் குறையாயின் சட்டமும் திருந்த வேண்டும். அதே வளைவில் அடுத்த ஆண்டும் ஒருவர் வீழ்வாராயின், முதல்வருக்கு வைத்த பலகை அவரை இகழ்வதாகவே முடியும். மூன்றாவது, அவருடைய மனைவி மக்களும் பெற்றோரும் எந்நிலையில் உள்ளனர்? தந்தையின் பெயர் சாலையில் நிற்க, பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்பது எச்சமுதாயத்திற்கும் பெருமை தராது. நான்காவது, அப்பெயரை ஊரார் அனைவரும் தம் பெயராக ஏற்றுள்ளனரா? ஒரு சாராருக்கு வெற்றியும் மற்றொரு சாராருக்குத் தோல்வியுமாகத் தோன்றும் பெயர்சூட்டு, வீழ்ந்தவரைக் கொடிக்கம்பமாக்கிவிடும்.

இந்நான்குக்கும் ஆம் என்று விடை கிடைக்குமாயின், தயக்கமின்றிப் பெயர் சூட்டலாம். காலம் தாழ்ந்தாலும் குற்றமில்லை. நியூஹால் காவலர்க்குப் பலகை வர 38 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர்தம் நிகழ்ச்சி எத்தனையோ பயிற்சிக் கூடங்களில் பாடமாகிவிட்டது. பலகை வந்தபோது அது வெறுமையாக வரவில்லை.

தமிழ் கற்கும் இளைஞர்க்கு இதில் தனிப் பங்குண்டு. நடுகல்லைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் படித்துவிட்டு விடாமல், நும் ஊர்ச் சாலைகளும் தெருக்களும் தாங்கியுள்ள பெயர்கள் யாருடையவை, அவர் என்ன செய்தார், எவ்வாறு மறைந்தார் என்று விசாரித்து எழுதுங்கள். முதியோரிடம் கேளுங்கள், அவர் நினைவு மங்குமுன் கேளுங்கள். பெரியோரும் ஆசிரியரும் அவ்விசாரணைக்குத் துணைநிற்க வேண்டும். பெயரைக் கல்லில் எழுதுவது சிற்பியின் தொழில். நிகழ்ச்சியை நெஞ்சில் எழுதுவது கற்றவர் தொழில். அத்தொழில் நடைபெறும் ஊரில், வழியோரத்துப் பலகையைக் கடந்து செல்லும் ஒரு நொடியும் வீணாவதில்லை.